முக்கால் அங்குலம்

தள்ளு, கட்டை போடு. தள்ளு, கட்டை போடு. கீழ இருந்து மெக்கானிக் கமாலுதீன் பாய் குரல் வந்துட்டே இருக்குது, கல்யாண வீட்டுல பந்திக்குக் கூப்பிடற மாதிரி, அவசரமே இல்லாம. ஒவ்வொரு தள்ளுக்கும் அந்தக் காலத்து நீட்டுக் கார் வண்டி ஒரு அடி, ஒண்ணரை அடி ஏறுது, பின் சக்கரத்துக்கு அண்டக் குடுத்து மரக்கட்டை விழுது, ஆறு பேரும் நிமிந்து மூச்சு வாங்கறாங்க, மறுபடியும் தள்ளு. இஞ்சினுக்கு வேலையில்ல. மியூசியத்துக்குள்ள வர்ற வண்டியில பெட்ரோல் ஒரு சொட்டு இருக்கக் கூடாதுன்னு விதி, வாசல்லயே டேங்கைக் காலி பண்ணிடறாங்க. இருபத்திரண்டு வண்டி இப்படிக் கையால தள்ளித்தான் உள்ள வந்து அதது எடத்துல நின்னுருச்சு. இது கடைசி. இது மட்டுந்தான் ரேம்ப் ஏறி ஆறடி உயரத்து மேடைக்குப் போகணும். ரேம்ப் நேரா நாப்பது அடி வருது, அப்பறம் ஒரு வளைவு. வளைவுக்கு உள்பக்கம் பழைய மில்லோட இரும்புத் தூண், வெளிப்பக்கம் வளைஞ்சு போற சுவரு. அந்தச் சுவத்துல முதுகை ஒட்டிக்கிட்டு நான் நிக்கறேன். தமயந்தி, ஆர்க்கிடெக்ட் சேதுமாதவன் சார் ஆபீஸ்ல இருபத்தாறு வருஷமா டிராஃப்ட்ஸ்மேன். பொம்பளைன்னாலும் டிராஃப்ட்ஸ்மேன்தான், அடையாள அட்டையில அப்படித்தான் போட்டிருக்குது. இந்த வண்டி இந்த வளைவுல திரும்பாமப் போகலாம்னு இந்த நிமிஷம் எனக்கு மட்டுந்தான் தெரியும். திரும்பவே திரும்பாதுன்னா எப்பவோ கத்தியிருப்பேன். திரும்பவும் திரும்பலாம். அதான் பாடாப் படுத்துது.

காலையில பூஜையிலதான் கண்ணுல பட்டுச்சு. ரத்னாம்பாள் அம்மா சந்தனமும் குங்குமமும் வெச்சுட்டே வந்தாங்க, நான் தாம்பாளத்தைப் புடிச்சுட்டுப் பின்னாலயே போனேன். மில்லு அவங்களுது, வண்டிக எல்லாம் அவங்க வீட்டுக்காரர் சேத்து வெச்சது, அவரு போயி ஒம்பது வருஷம் ஆச்சு, எழுபத்தெட்டு வயசுல இந்த மியூசியத்தைக் கட்டியே தீருவேன்னு நிக்கறாங்க. பானட்டுக்கு ஒரு பொட்டு, ரெண்டு லைட்டுக்கும் ஒவ்வொண்ணு, அப்பறம் குனிஞ்சு பம்பருக்கு மூணு, நடுவுல ஒண்ணு, ரெண்டு முனையில ரெண்டு. கண்ணு கூசற மாதிரி பிளேட்டிங் போட்ட பம்பரு. அதுல சந்தனம் காயறதைப் பாத்துட்டே நிக்கறேன், இது எங்க என் நோட்டுல இருக்குதுன்னு மனசு சும்மா தேடுது, தேடிட்டே இருக்குது, அது இல்ல. என் நோட்டுல இந்த வண்டி மட்கார்டோட முடிஞ்சு போகுது. மட்கார்டுக்கு முன்னால ரெண்டு இரும்புக் கொம்பு மட்டும் சின்னதாப் போட்டு வெச்சிருக்கேன், பம்பரை மாட்டற கொம்பு, பக்கத்துல ஒரு எழுத்துக் கூட எழுதலை. அறிவு கெட்டவளே. பாய் வேலை பாக்கற ஷெட்டுல வண்டிய அளந்தது ரெண்டு வருஷத்துக்கு முன்னால, ஆனி மாசம் கடைசி நாள். மறுநாள் ஆடி பொறக்குது, ஆடியில அஸ்திவாரக் கடக்கால் போட மாட்டாங்க, அதனால அன்னிக்கே கோடு போட்டு அன்னிக்கே மண்ணு வெட்டணும்னு அம்மா ஒத்தக் கால்ல நின்னாங்க. நான் டேப்பைப் புடிச்சு முட்டி போட்டு அளந்துட்டிருந்தேன். "பம்பரு ரெண்டும் பிளேட்டிங்குக்குப் போயிருக்குது தங்கச்சி"ன்னு பாய் சொன்னாரு. சொன்னாரு. எனக்குக் கேட்டுச்சு. சரிங்க பாய்னும் சொன்னேன். ஒரு எட்டு அங்குலம் சேத்துக்கணும்னு நெனைச்சுட்டே எந்திரிச்சேன், அதுக்குள்ள ஐயர் வந்துட்டாரு, நல்ல நேரம் பத்தரை வரைக்குந்தான்னு ஆளாளுக்குப் பறந்தாங்க, நானும் பறந்தேன். அந்த எட்டு அங்குலத்தை அந்த ஷெட்டுலயே வெச்சுட்டு வந்துட்டேன். இன்னிக்கு அது குங்குமம் வெச்சுட்டு மேல ஏறி வருது.

தள்ளு, கட்டை போடு. பயத்துலயும் கண்ணு சும்மா இருக்குதா, மேல போகுது. இந்தக் கூரையை எத்தனை தடவை பாத்தாலும் எனக்குச் சலிக்கறதில்ல, காரணம் கேட்டாச் சொல்லத் தெரியாது. ரம்பப் பல்லுக் கூரை, ஒவ்வொரு பல்லுலயும் நிமிந்து நிக்கற கண்ணாடி, எல்லாம் வடக்குப் பாத்தது. வெயில் நேரா உள்ள வரவே வராது, வெளிச்சம் மட்டும் எறங்கும், காலையில பாத்தாலும் சாயங்காலம் பாத்தாலும் அதே வெளிச்சம். முதல் தடவை பூட்டைத் தொறந்து இந்த மில்லுக்குள்ள வந்தப்ப சார் நேராப் போயி நடு ஷெட்டுல மல்லாந்து படுத்துட்டாரு. அம்பத்தெட்டு வயசு மனுஷன், வெள்ளைச் சட்டை, தரையெல்லாம் பஞ்சுத் தூசி. நெஞ்சு வலியாக்கும்னு நான் பதறிப் போயி ஓடுனா, "நூல் அறுந்தாக் கண்ணுக்குத் தெரியணும்னு வெச்ச வெளிச்சம் தமயந்தி, தகடு இதுக்குத் தப்பிக்குமா"ங்கறாரு. அப்ப எனக்குப் புரியலை. முதல் வண்டிய உள்ள தள்ளி நிறுத்துன அன்னிக்குத்தான் புரிஞ்சுது. சாதாரண ஒரு பழைய வண்டி, ரோட்டுல நின்னாத் திரும்பிப் பாக்க மாட்டோம், அது இந்த வெளிச்சத்துல நின்னதும் அதோட மேடு பள்ளமெல்லாம் மெதுவா எந்திரிச்சு வந்துச்சு. சீட்டுத் தச்ச ஆளு, தகடு அடிச்ச ஆளு, எல்லாரும் தெரிஞ்சாங்க. வண்டிங்கறது கண்ணாடின்னு சார் சொல்லுவாரு. நாம கட்டடம் கட்டலை, அந்தக் கண்ணாடியில என்ன விழணுமோ அதைக் கட்டறோம்பாரு. அதுக்காக ஒரு டியூப்லைட்டு கிடையாது, மாட்டுனா ஒவ்வொரு பானட்டுலயும் வெள்ளைக் கோடு விழும். சுவிட்ச் போர்டெல்லாம் பெஞ்சுக்கடியில. தீயணைக்கற சிலிண்டரைக் கூடச் சுவத்துக்குள்ள குழி பறிச்சு ஒளிச்சு வெச்சாச்சு. எலக்ட்ரீஷியன் மூணு தடவை கோவிச்சுட்டுப் போனான், மூணு தடவையும் நாந்தான் போயிச் சமாதானம் பண்ணிக் கூட்டிட்டு வந்தேன். தரை கருப்பு, ஆக்சைடு போட்டுத் தேய்ச்சது, பழைய மெஷின் கால் பதிஞ்சிருந்த ஓட்டையில எல்லாம் பித்தளை அடைச்சு விட்டிருக்குது, ஆயிரத்திச் சொச்சம் பித்தளைப் பொட்டு, வரிசை வரிசையா.

அதுல ஏதோ நாலு பொட்டு அப்பாவோடது. முப்பத்தொரு வருஷம் இந்த மில்லுல ரிங் ஃபிரேம், நூல் நூக்கற மெஷின், ஓட்டுனாரு. ஸ்கூல் லீவுல நான் சாப்பாட்டு கேரியரைக் கொண்டாந்து கேட்டுல குடுப்பேன், உள்ள விட மாட்டாங்க. உள்ள இருந்து சத்தம் மட்டும் வரும், கேட்டுக் கம்பியைப் புடிச்சா கை அதிரும், இதுக்குள்ள எங்கப்பன் எப்படி நிக்கறான்னு நெனைச்சுக்குவேன். அந்தச் சத்தம் அவரு காதைத் தின்னுருச்சு. வீட்டுல பேச்சே கிடையாது, கத்தல்தான், உப்பு வேணும்னாலும் கத்தல், என் கண்ணுன்னு கொஞ்சுனாலும் கத்தல். போன தை மாசம் கூட்டிட்டு வந்து காட்டுனேன். உள்ள வந்தாரு, நடுவுல நின்னாரு, மேல பாத்தாரு, தரையைப் பாத்தாரு, வண்டிகளைப் பாத்தாரு. "மெஷினெல்லாம் எங்க கண்ணு"ன்னாரு, மெதுவா. ரகசியம் சொல்ற மாதிரி. எங்கப்பா மெதுவாப் பேசி என்னோட நாப்பத்தொம்பது வயசுல அன்னிக்குத்தான் கேட்டேன். காது கேக்காத மனுஷனுக்கு இந்த எடத்தோட அமைதி எப்படித் தெரிஞ்சுது, கண்ணு வழியா எறங்கியிருக்கும். நீ நின்ன எடம் எதுப்பா, இந்தத் தூண் பக்கமான்னு காதுகிட்டப் போயி ஆசையாக் கேட்டேன். "எல்லாத் தூணும் ஒண்ணாட்டத்தான் இருக்குது"ன்னு சொல்லிட்டு, வெளிய வந்ததும் பஸ்ஸு எப்பன்னு பழையபடி கத்துனாரு. நாளைக்குத் திறப்பு விழாவுக்கு வர்றாரு. வேட்டி கூடத் தேய்ச்சு வெச்சாச்சு. நாளைக்கு வந்து என்னத்தைப் பாக்கப் போறாரு, மக சுவத்தை இடிச்சு வெச்சிருக்கறதையா.

தள்ளு. பாய் ஸ்டியரிங்கைப் புடிச்சுட்டு ஜன்னல் வழியாத் தலையை வெளிய நீட்டியிருக்காரு, தொப்பி சாஞ்சு கெடக்குது. பின் சீட்டுல ரத்னாம்பாள் அம்மா. நாலு சக்கரத்துக்கடியிலயும் எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்குன கையோட, கெளம்புன வண்டி பின்னால உருளக் கூடாதுன்னு சொல்லிட்டு ஏறி உக்காந்தவங்கதான், அம்மா எறங்கிக்குங்க, கனம் கம்மியாகும்னு பாய் கெஞ்சியும் கேக்கலை. "நான் என்ன யானையா, தள்ளுங்க"ன்னுட்டாங்க. வளைவுக்கு இன்னும் இருபதடி இருக்கும். கணக்கை மறுபடி போடு தமயந்தி. கண்ணை மூடிட்டுப் போடு. பம்பர் இல்லாத வண்டிக்கு இந்தச் சுவத்துல நான் விட்டது ஆறு அங்குலம். முன்னால எட்டு அங்குலம் நீண்டா வளையற எடத்துல வெளிமுனை நாலே கால் அங்குலம் வெளிய வரும், மனசுலயே மூணு தடவை போட்டுட்டேன், நாலே காலுதான். மிச்சம் ஒண்ணே முக்கால். அதுல சுண்ணாம்புப் பூச்சு ஒரு அங்குலம் தின்னுருச்சு, படத்துல அரை அங்குலம் சிமெண்டுப் பூச்சுன்னு போட்டிருந்தோம், அப்பறம் சாருக்கு ஆசை வந்து சுண்ணாம்பு, மேல மேல அஞ்சு பூச்சு ஏறி ஒண்ணரை ஆச்சு. மிச்சம் முக்கால். முக்கால் அங்குலம். என் கட்டை விரல் அகலம் கூட இல்ல. அதுவும் உள்பக்கம் தூணுல உரசாம எவ்வளவு ஒட்டி வர முடியுமோ அவ்வளவு ஒட்டி வந்தா. பழைய வண்டி ஸ்டியரிங்கு, ரெண்டு விரக்கடை ஆடும், பாய் கையில கொஞ்சம் பிசகுனாப் போச்சு. பூச்சோட போகாது, ரெண்டு டன் வண்டி, செங்கல்லு வரைக்கும் இழுத்துட்டுப் போகும், பம்பர் கோணிக்கிட்டு மட்கார்டுல குத்தும். பம்பரைக் கழட்டுன்னாக் கழட்டிடலாம், நாலு போல்ட்டு, காமணி நேரம். தெரியாமயா நிக்கறேன். கழட்டுன்னு சொன்னா ஏன்னு கேப்பாங்க. அந்த ஏனுக்குத்தான் என்கிட்ட வாயில்ல.

ஏன்னா இந்த வளைவு என்னுது. இருபத்தாறு வருஷத்துல சார் நெனைச்சதைத்தான் நான் கோடு போட்டிருக்கேன், ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம், ஸ்கூலு, எத்தனையோ. அதுல என்னுதுன்னு ஒரு ஜன்னல் கூடக் கிடையாது, நான் கேட்டதும் இல்ல. இங்க சார் முதல்ல போட்டது சதுர மூலை. ரேம்ப் வந்து முட்டும், அங்க சுத்து மேடை ஒண்ணு, பட்டனை அமுத்துனா வண்டியோட சேந்து திரும்பும். நான் அதைக் கோடு போட்டுட்டே இருந்தேன், எனக்கு ஏனோ அசிங்கமா இருந்துச்சு. இவ்வளவு பெரிய வண்டிய ராட்டினத்துல ஏத்துன குழந்தையாட்டம் சுத்தறதா. "சார், அதை யாரும் திருப்பக் கூடாதுங்க, அதுவாத் திரும்பணும்"னு சொல்லிட்டேன். சொல்லிட்டு நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். சார் நிமிந்து பாத்தாரு. அப்பறம் பேப்பரை என் பக்கம் தள்ளிவிட்டாரு. நான் தூணுல காம்பஸை ஊனி ஒரு கோடு இழுத்தேன், நேரா வந்த சுவரு யோசிக்காம வளைஞ்சு மேடைக்குப் போகுது, அவ்வளவுதான். சார் பாராட்டவே மாட்டாரு. சரியா இருந்தா டீயை எடுத்துக் குடிப்பாரு, தப்பா இருந்தா டீ ஆறிப் போகும், ஆபீஸ்ல எல்லாரும் அவரு முகத்தைப் பாக்க மாட்டோம், டம்ளரைத்தான் பாப்போம். அன்னிக்குக் குடிச்சாரு. சுத்து மேடையை அவரே ரப்பர் போட்டு அழிச்சாரு. அன்னையில இருந்து யாரு வந்தாலும், கலெக்டர் ஆபீஸ்ல இருந்து வந்தாலும், "அந்த வளைவு தமயந்தியோடது"ம்பாரு. எனக்குக் கூச்சமா இருக்கும், வெளிய எரிச்சல் பட்ட மாதிரி முகத்தை வெச்சுக்குவேன், வீட்டுக்குப் போற பஸ்ஸுல அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிப் பாத்துக்குவேன். அளந்தப்பறம், சுவரு எழுப்பறதுக்கு முன்னால, பிளைவுட்டுல வண்டி மாதிரியே வெட்டி, அடியில உருளைச் சக்கரம் மாட்டி, காலி எடத்துல சுண்ணாம்புக் கோடு போட்டு ஓட்டிக் காட்டுனேன், ஆறு அங்குலம் விட்டு அழகாத் திரும்புச்சு. பாய் கூடச் சிரிச்சாரு, நெசமான வண்டி இத்தனை அடக்கமாத் திரும்பாது தங்கச்சின்னு. அந்தப் பிளைவுட்டு வண்டிக்கும் பம்பர் இல்ல. அத்தனை பேரு பாத்தோம், யாருக்கும் தோணலை, அதுல எனக்கு என்ன ஆறுதல், பாய் சொன்னதைக் காதுல கேட்டவ நாந்தானே.

முதுகுல சுவரு ஜில்லுன்னு இருக்குது. முட்டை வெள்ளைக்கரு கலந்து, வழுக்கற கல்லால பதினாறு நாள் தேய்ச்சாங்க, உரிச்ச முட்டையாட்டம் ஆயிருச்சு, கைரேகை வெச்சாத் தெரியும்னு என்னைத் தவிர யாரையும் தொட விடலை. ராத்திரி வேளையில இல்ல, பட்டப் பகல்ல, ஆள் யாரும் இல்லாதப்ப, கன்னத்தை வெச்சுப் பாத்திருக்கேன். வெக்கம் என்ன, வெச்சேன். இந்தச் சுவத்துக்கு முடிவே தெரியாது, வளைஞ்சு வளைஞ்சு வெளிச்சத்துக்குள்ள போயிருது, எங்க சுவரு முடிஞ்சுது எங்க வெளிச்சம் ஆரம்பிச்சுதுன்னு எனக்கே தெரியாது, இதை நானா போட்டேன், இந்தக் கையா. கோயில்ல நின்னு கண்ணை மூடுனாக் கூட எனக்கு வீட்டு நெனைப்புத்தான் வரும், கேஸை அணைச்சமா இல்லையான்னு. இங்க அந்த நெனைப்பெல்லாம் வராது. இதையா உளி வெச்சுக் கொத்தப் போறாங்க. கொத்தணும்னா நாந்தான் கோடு போட்டுக் குடுக்கணும், இந்த எடத்துல இருந்து இந்த எடம் வரைக்கும்னு. சொல்லாம நிக்கலாம். முக்கால் அங்குலம் இருக்குது, போனாலும் போயிரும், போயிட்டா ஆயுசுக்கும் யாருக்கும் தெரியாது, நானும் மறந்துட்ட மாதிரி இருந்துக்கலாம். உரசுனா, பாய்தான் ஒடைச்சுட்டாருன்னு ஆயிரும். ஸ்டியரிங்கு அவரு கையில இருக்குது. ஒருத்தர் கூட என்னைக் கேக்க மாட்டாங்க. நாப்பது வருஷமா இந்த வண்டிகளுக்கு வேலை செய்யறவரு, பேரன் காதுகுத்தைக் கூடத் தள்ளி வெச்சுட்டு இதுக்குப் பெயிண்டு பாத்தவரு, அன்னிக்கே வாயைத் தொறந்து சொன்னவரு. அவரு தலையில விழும். நான் இங்க சுவத்துல சாஞ்சுட்டு ஐயோ பாய்னு சொல்லுவேன். சொல்லுவியாடி. சொல்லுவ போல இருக்குதே. இப்பவே அதை நெனைச்சுப் பாத்துட்ட இல்ல.

"பாய், கட்டை போடுங்க. தள்ளாதீங்க."

என் குரல்தான். கூரை வரைக்கும் போயித் திரும்பி வருது. கட்டை விழுந்துச்சு, வண்டி நின்னுச்சு, மூக்கு எனக்கு ஏழடி தூரத்துல, லைட்டு ரெண்டும் என்னையே பாக்குது. என்னாச்சு தங்கச்சின்னு பாய் கேக்கறாரு. மேல மேடையில சார் டீ டம்ளரோட நிக்கறாரு, டம்ளரைக் கீழ வெக்கற சத்தம் இங்க கேக்குது.  "தப்புப் பண்ணிட்டேங்க பாய். அன்னிக்கு அளந்தப்ப பம்பர் இல்ல. நீங்க சொன்னீங்க, நான் சேக்க மறந்துட்டேன். ஆறு அங்குலம் இருக்க வேண்டிய எடத்துல முக்கால் அங்குலந்தான் இருக்குது." சொல்லி முடிச்சப்பறம்தான் எவ்வளவு சின்னதுன்னு தெரியுது, நாலு வரி, இதுக்கா காலையில இருந்து செத்தேன்.  ஆறு பேரும் வண்டிய ஏந்திட்டு நிக்கறாங்க, கழுத்து நரம்பெல்லாம் பொடைச்சு. பாய் எறங்கி வந்து பம்பர் முனையைப் பாத்தாரு, சுவத்தைப் பாத்தாரு, தொப்பியை எடுத்துத் தலையைச் சொறிஞ்சாரு. "கழட்டிரலாம். ஸ்பேனர் எடுத்தாறேன்"னாரு, அவ்வளவுதான், திட்டக் கூட இல்ல. பின் சீட்டு ஜன்னல்ல அம்மா முகம் வந்துச்சு. "பொட்டு வெச்சதைக் கழட்டறதாவது. ஏன் கண்ணு, முக்கால் அங்குலம் இருக்குதுங்கறது யாரு கணக்கு?" "நாந்தானுங்கம்மா. இப்ப நின்னுட்டே போட்டதுங்க." "மறுபடி போட்டுப் பாத்தியா?" "ஏழெட்டுத் தடவை போட்டுட்டேனுங்க." அம்மா என்னையே பாத்தாங்க, சந்தை மாட்டைப் பாக்கற மாதிரி, மேல இருந்து கீழ வரைக்கும். "தப்புன்னு தானா வந்து சொல்றவ, முக்காலை ஒண்ணுன்னு கூட்டிச் சொல்லியிருக்க மாட்டா. நீங்க தள்ளுங்க பாய்."

பாய் ஏறி உக்காந்துட்டாரு.  எந்த எடத்துல ரொம்ப நெருங்கும்னு எனக்குத் தெரியும், கண்ணைக் கட்டி விட்டாலும் தெரியும், தூணுல இருந்து நேரா வெளிய, தரையில இருந்து இருபது அங்குலம். அங்க முட்டி போட்டு உக்காந்தேன், எடது உள்ளங்கையைச் சுவத்துல அப்பி வெச்சேன். என் கை கனம் முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் கம்மி, அதுவும் இப்பத்தான் பாத்தேன், வளையலை எல்லாம் முழங்கைக்கு ஏத்திக்கிட்டேன். பாய் என் கையைப் பாத்து ஓட்டுனாப் போதும், சுவத்தைப் பாக்க வேண்டாம். பின்னால செருப்புச் சத்தம், சார் எறங்கி வந்துட்டாரு, வேகமா வந்திருக்காரு, மூச்சு இரைக்குது. "தமயந்தி, கையை எடு. சுவரு போனாப் பூசிக்கலாம்." இருபத்தாறு வருஷத்துல சார் எங்கிட்ட இப்படிப் பேசுனதில்ல, அவரு குரல் ஒடைஞ்சு கேட்டதும் இல்ல. பூசிக்கலாமாமே. பதினாறு நாள் தேய்ச்ச சுவரு. எனக்கு அழுகை வந்துருச்சு, வரட்டும். எடுக்க மாட்டேன் சார்னு சொன்னேன், இல்ல, மனசுக்குள்ளதான் சொன்னேனோ என்னமோ, கையை எடுக்கலை. "பாய், என் கையைப் பாத்து வாங்க. உள்ள ஒடிங்க. இன்னும். இன்னும் கொஞ்சம். அப்படியே புடிச்சுக்குங்க. தள்ளுங்க." தள்ளு. கட்டை இல்ல இப்ப, வளைவுல நிறுத்தக் கூடாது, ஒரே மூச்சு. பம்பர் முனை பளபளன்னு வருது, அதுல கூரை தெரியுது, அத்தனை பல்லும், சின்னதா ஒரு பொம்பளை முட்டி போட்டுட்டு வர்றா. ஒரு அடி. அரை அடி. ஜில்லுன்னு பட்டுச்சு. விரல் கணு மேல, எலும்பு மேல, வழுக்கிட்டுப் போகுது, நெரிக்கலை, தடவுற மாதிரி, போகுது, போகுது, போயிருச்சு. கையைப் பாத்தாச் செவப்பு. ரத்தம்னே நெனைச்சுட்டேன். அப்பறம் சந்தன வாசனை அடிச்சுது. குங்குமந்தான்.

கையை எடுத்தேன். சுவத்துல என் உள்ளங்கை வேர்வை மட்டும் இருக்குது, பாத்துட்டு இருக்கையிலயே காயுது. வண்டி இன்னும் திரும்பிட்டே இருக்குது, இப்ப அதோட கருப்பு விலா எனக்கு முன்னால, முகத்துக்கு ஒரு சாண் தூரத்துல போகுது. முன் கதவு, அப்பறம் பின் கதவு. அதுக்குள்ள என் சுவரு. சார் சொன்னது இதைத்தான், கண்ணாடின்னு. டியூப்லைட்டு இல்ல, சுவிட்ச் இல்ல, ஒண்ணுமே இல்ல, ஒரே ஒரு கோடு, அன்னிக்கு நான் காம்பஸை ஊனி இழுத்த கோடு, கதவுல நுழைஞ்சு, கைப்பிடியைத் தாண்டி, பின் மட்கார்டு மேல ஏறி எறங்கி, வண்டியோட சேந்து மெதுவா வளைஞ்சுட்டே போகுது, எங்கயும் அறுபடலை. எந்திரிக்கத் தோணாம அப்படியே உக்காந்திருந்தேன். "அம்மிணி, எந்திரி, முட்டி நோகும்"னு பின் ஜன்னல்ல இருந்து அம்மா சொல்லிட்டே மேல போயிட்டாங்க. கடைசியாக் கட்டை விழுந்த சத்தம் கேட்டுது. மேடையில வண்டி நிக்குது, வடக்கு வெளிச்சம் மொத்தமும் அது மேல எறங்குது, தள்ளுன ஆறு பேரும் பக்கத்துலயே நிக்கறாங்க.  சார் என்னைத் தாண்டி மேல ஏறிப் போனாரு, குனிஞ்சு தரையில வெச்ச டம்ளரை எடுத்தாரு, ஆடை படிஞ்சு ஆறிப் போன டீயை நின்ன வாக்குல கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சாரு.